வெறுங்கையோடு போன ஆர்டர்

கோவில்பட்டி முஸ்கான், ஓர் ஆட்டு மருந்துக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். ஆடு வளர்க்கிறவர்கள் போனில் போடும் ஆர்டரை அவள் புரோகிராம்தான் மருந்துக் கிடங்கின் இணைய முகவரியில் சேர்க்கும். முகவரி மாறினாலும் அதுவே தேடிப் போய்விடும் என்று அவளுக்கு அப்படியொரு பெருமை. கிடங்கும் முகவரியை மாற்றியது. புரோகிராமும் தேடிப் போனது. ஆர்டர் விவரத்தைப் பழைய முகவரியின் வாசலிலேயே போட்டுவிட்டு, புது முகவரிக்கு வெறுங்கையோடு போனது. கையில் ஆர்டர் இருக்கிறதா என்று பார்க்காமலே புது வாசல் "சரி" என்றது. அவளும் நம்பினாள்.

"கிடையில ஆடு சாவுது தாயி, மருந்து வருதா?" என்று, ஆர்டர் போட்டிருந்த புதூர் இசக்கிபாண்டி போனில் கேட்டபோதெல்லாம், "பதிவாயிருக்கு அண்ணாச்சி, வந்துரும்" என்றாள்.

கடைசியில் தவறு பிடிபட்டது. அவளே திருத்திவிட்டு அவரை அழைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி. இப்ப சரியாயிட்டு. மருந்து நாளைக்கு வந்துரும்."

"யாருக்கு தாயி?" என்றார் அவர். "கிடை காலியாக் கெடக்கு."