தனியாகக் கழுவிய டம்ளர்

அடிபட்ட உடனே எனக்கு வலி தெரியவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை, அதுதான் முதலில் தெரிந்தது. இடது பக்கம் பல் இடித்தது; வலது பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தே கிடந்தது. யாருடைய வாயையோ எடுத்து என் முகத்தில் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால், ரத்தம் நின்றுவிட்டதே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் சரளா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேன்டீனில் டீ போடுகிறேன். வீட்டுக்காரர் குமார் அதே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் ஓயாமல் பேசுகிறவள். "உன் வாய்க்குப் பூட்டு போட்டாதான்டி யார்டு உருப்படும்" என்று குமார் கிண்டல் செய்வார். நிஜமாகவே போட்டுவிட்டார்கள்.

அவசரப் பிரிவில் டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கப் பார்ப்பதற்குள் குமார், "கேன்டீன்ல வழுக்கி வுழுந்துட்டா டாக்டர்" என்று சொல்லிவிட்டார். அது அப்படியே ஏ.ஆர். காப்பியில் (அடிபட்டு வருகிறவர்களுக்கு எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதும் பதிவு) ஏறிவிட்டது. இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். வலியில் கிடக்கும்போது யாரோ எதையோ சொல்லட்டும் என்றுதான் தோன்றும். அந்த ஒரு வரியைத் திருத்த நாங்கள் நாய்படாத பாடு பட்டோம்.

எக்ஸ்ரேயில் மாண்டிபிள் ஃப்ராக்சர் (கீழ்த்தாடை எலும்பு முறிவு), இரண்டு இடத்தில். பற்களில் கம்பி கோத்து மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம். கஞ்சி, ரசம், ஜூஸ், எல்லாம் ஸ்ட்ராவில்தான். வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும், கம்பியை வெட்ட ஒரு கட்டிங் பிளேயர் எப்போதும் பக்கத்தில் இருக்கணும் என்றார் பல் டாக்டரம்மா. குமார் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போனால்கூட என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

மறுநாள் ஒரு ரஃப் நோட்டு வாங்கிவரச் சொல்லிச் சைகை காட்டினேன். முதல் பக்கத்தில், "விழவில்லை. எடைமேடைக்காரர் அடித்தார்" என்று எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன். குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயந்துட்டேன் சரளா. எனுக்கும் அங்கதான வேலை?"

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வாய் திறக்க முடிந்திருந்தால் அன்றைக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

நடந்தது இதுதான். யார்டில் லாரிகளுக்கு எடை போடுகிறவர் தனக்கென்று ஒரு ஸ்டீல் டம்ளர் வைத்திருந்தார். அடியில் சிவப்புப் பெயின்ட் பொட்டு. மனுஷன் சுத்தக்காரர் போல என்று நினைத்து, இரண்டு வருஷமாக அதைத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. அன்றைக்குத் தாகத்தில் கைக்குக் கிடைத்த அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டேன். பார்த்துவிட்டார். கேன்டீனில் அத்தனை பேர் முன்னால் எங்கள் சாதிப் பெயரை ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொன்னார். கை அதற்குப் பிறகுதான் வந்தது. நான் போட்ட டீ அவர் தொண்டையில் இறங்கும்; என் வாய் மட்டும் அவர் டம்ளரில் படக்கூடாது. அட கடவுளே, இது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நாலு நாள் ஒவ்வொரு அறையாக அலைந்து, டாக்டரம்மா மூலம் பதிவைத் திருத்தியதும் போலீஸ் வந்தது. பட்டியல் சாதி ஆளைச் சாதிக்காக அடித்தால் பி.சி.ஆர். கேஸ் (வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). சாதாரண அடிதடியைவிட அதில் தண்டனை அதிகம். உதவி கமிஷனரே வந்து உட்கார்ந்தார்.

"அடிக்கும்போது என்ன சொன்னார்? அதே வார்த்தையை எழுதுங்கம்மா."

எல்லாவற்றையும் எழுதினேன். அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டேன். 'ரசத்துக்கு மிளகு கம்மி' என்று எழுதுகிற நோட்டு அது. அதில் என் கையெழுத்தில் அந்த வார்த்தையா? அவர் வற்புறுத்தவில்லை. "கம்பி எடுத்தப்புறம் வாயால சொல்றதா இருந்தாலும் சொல்லுங்க" என்றார்.

மூன்றாவது வாரம் திருவொற்றியூரிலிருந்து எடைமேடைக்காரரின் அக்கா வீட்டுக்கு வந்தார். பிளாஸ்க்கில் சாத்துக்குடி ஜூஸ்.

"அடிச்சது தப்புதான்மா. அதுக்கு இன்னா தண்டனையோ குடுக்கட்டும். அந்த வார்த்தைய மட்டும் எழுதாத. அவன் கோவக்காரன். அந்த டம்ளர யாரு தொட்டிருந்தாலும் அடிச்சிருப்பான்."

பாவம், தம்பி செய்ததற்கு அவர் கைகூப்பி நின்றார். அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டேன். ஜூஸையும் குடித்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோட்டில் எழுதிக் கேட்டேன்: "உடைஞ்சது அதே எலும்புதானே? ஏன் அடிச்சார்ங்கிறதுக்குக் கூடுதல் தண்டனை நியாயமா?"

டாக்டரம்மா என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இதுல காரணம் தெரியாது சரளா. எனக்குத் தெரிஞ்சது எலும்பு மட்டும்தான்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தடவை யார்டு மேனேஜர் அதே டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். எடைமேடைக்காரர் சிரித்துக்கொண்டே, "குடிங்க சார், குடிங்க" என்றார். நான்தான் அதைக் கழுவி வைத்தேன். யார் தொட்டாலும் அடிக்கிற ஆள் இல்லை அவர்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் பிளாக்கிலிருந்து என்னோடு வெங்காயம் உரிக்க வந்த எங்கள் சாதிப் பெண்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு யார்டு பக்கமே போகவில்லை. "இன்னிக்கி உனுக்கு, நாளைக்கி எங்குளுக்கு" என்றார்கள். குடிகாரன் எவனோ என்னை அடித்திருந்தால் அவர்கள் வேலையை விட்டிருக்க மாட்டார்கள். அடித்தது என்னை ஒருத்தியைத்தான். ஆனால் மூன்று பேருக்கு விழுந்தது.

அவருக்கு எத்தனை வருஷம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதிக நாள் உள்ளே இருந்தால் மனுஷன் திருந்துவாரா, இன்னும் கெட்டுப்போவாரா, அதுவும் தெரியாது. அந்த அக்காவின் முகம் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கோட்டை வெறும் கோடாகவே விட்டால், ஏ.ஆர். காப்பியில் குமார் சொன்ன பொய்யை நானும் வேறு மாதிரி சொன்னதாக ஆகிவிடும்.

ஆறாவது வாரம் கம்பியை எடுத்தார்கள். "ஏதாவது பேசுங்க" என்றார் டாக்டரம்மா. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. எச்சில்தான் வழிந்தது. மறுநாள் உதவி கமிஷனர் ஆபீசுக்குப் போய் அந்த வார்த்தையைச் சொன்னேன். தெளிவாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பக்கத்தில் குமார் அழுதார். அவர் சட்டைப் பையில் கட்டிங் பிளேயர் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் ஐஸ்கிரீம் குச்சி வைத்தியம். பற்களுக்கு நடுவில் குச்சிகளை அடுக்கி வாயைப் பழக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு குச்சி கூடும். தேதி கேட்டால் "ஒன்பது குச்சி" என்பேன். அவசரப்பட்டால் வீங்கிவிடும், பொறுமையாகச் செய்யுங்கள்.

இப்போது மூன்று விரல் நுழைகிறது. கேஸ் நடக்கிறது. எடைமேடையில் இப்போது வேறு ஆள். அந்த டம்ளரைப் போலீஸ் ஒரு துணியில் சுற்றி, முத்திரை வைத்து எடுத்துப்போய்விட்டது. நானும் அந்த இரண்டு பெண்களும் வேலைக்குத் திரும்பிவிட்டோம். விழுங்கும்போதெல்லாம் இடது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகுதான் அடுத்த வாய். முன்பெல்லாம் அடுப்பங்கரையில் நின்றபடியே ஒரே மடக்கில் டீயை முடித்துவிடுவேன். இப்போது அப்படி முடியாது. கேன்டீன் பெஞ்சில், எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, நிதானமாகக் குடிக்கிறேன்.