கடனட்டையால் நிரப்பிய கணக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் அம்மருட்டில், பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை தாய்மார் நாங்கள் தேத்தண்ணியோடு காத்திருப்போம். அன்று என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. புதிதாகத் திறந்த வங்கிக் கணக்கில் கடனட்டையால் இருபதாயிரம் குரோனர் போட்டிருந்தேன்.

"கடனட்டையாலை கணக்குக்குக் காசு போட்டால், கடையிலை சாமான் வாங்கின மாதிரி அட்டைக்குப் புள்ளி சேரும். அந்தப் புள்ளியிலை கொழும்புக்குப் பிளேன் ரிக்கெற் எடுக்கலாம்" என்றேன். மூன்று பேர் தாங்களும் அப்படிச் செய்ய உடனே கைபேசியை எடுத்தார்கள்.

மன்னாரைச் சேர்ந்த ரெசி அக்கா மட்டும் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனா. நான் மகளோடு ரயிலில் ஏறியதும் கைபேசியில் அழைத்தா.

"எல்லாருக்கும் முன்னாலை சொல்ல மனம் வரேல்லை. வங்கிக்காரர் அதைக் கடனட்டையாலை மெசினிலை காசு எடுத்த மாதிரித்தான் பார்ப்பினம். புள்ளி இல்லை, முதல் நாளிலையிருந்தே வட்டி. நானும் போன வருசம் செய்தனான். காசு அங்கைதானே கிடக்கு, இப்பவே திருப்பிக் கட்டிவிடும்."

கட்டினேன். அதற்குள் இறங்கவேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிலையத்தில் நின்றபடியே அந்த மூவரையும் அழைத்துத் தடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் என் முட்டாள்தனத்தைச் சொன்னேன். ஒருத்தி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தா. "எனக்கும் ஒருக்கா இப்பிடித்தான்..." என்று தொடங்கினா. பிறகு இன்னொருத்தி. நாலு வருசமாக ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவர்களை அன்றுதான் உண்மையில் அறிந்துகொண்டேன்.