செத்த டிஸ்க்கில் ஆத்தா காட்டிய கால்

2008-ஆம் வருடம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் தங்கச்சி பாண்டிச்செல்வி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்தது. நான் அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில், கம்ப்யூட்டர் டிசைன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் அங்கே வரை கேட்கவில்லை. போன்தான் வந்தது.

என் பெயர் முருகேஸ்வரி. சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா இல்லை. அம்மா, நான், செல்வி, மூன்று பேர்தான். ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கும் உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. இதில் நான் நல்லவளாக இல்லாத இடங்கள் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வெடித்த அறையில் இரண்டே பேர். ஒருத்தி செல்வி. இன்னொருத்தி எங்கள் தெரு மகாலட்சுமி. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. ஒரே உயரம், ஒரே உடல்வாகு. மருந்து அறைக்குள் கொலுசு, வளையல் எதுவும் போடக்கூடாது. மேலே கம்பெனி கொடுத்த ஒரே நிறக் கோட்டு. ஒருத்தி அங்கேயே இறந்துவிட்டாள். ஒருத்திக்கு உயிர் இருந்தது. முகம் இரண்டு பேருக்குமே இல்லை.

அம்மாதான் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தாள். உயிரோடு இருந்தவளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இது எம் மக. எம் மக செல்வி" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அந்தப் பெயரையே எழுதினார்கள். மகாலட்சுமியின் அம்மா சந்தனமாரி சித்தி சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் இருந்தார்கள். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு மிச்சம் இருந்தது துணி மூடிய உடம்பு மட்டும்தான்.

மறுநாள் அதை அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். "ஆத்தா, எங்க வீட்ட விட்டுட்டியே, நீ நல்லா இருப்ப" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில்தான் அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்தார்கள். பேச்சு கிடையாது. மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். டாக்டர் நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். அம்மா நாள் முழுக்கக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் நர்ஸ் கட்டு மாற்றும்போது நான் உள்ளே நின்றேன். உடம்பில் இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் தீப்படவில்லை. கணுக்கால் சுத்தமாக இருந்தது. ஒரு தழும்புகூட இல்லை.

செல்விக்குத் தழும்பு உண்டு. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து நான் ஓட்டினேன். கால் சக்கரத்துக்குள் போய்விட்டது. கணுக்காலின் உள்பக்கம் சதை பிய்ந்து, ஆறி, பிறை மாதிரி நின்றது. எனக்கு அது இடது கால் என்றுதான் நினைவு.

"வலது காலு" என்றாள் அம்மா. "நாந்தான மருந்து போட்டேன். எனக்குத் தெரியாதா?"

வலது கால் வெந்து கட்டுக்குள் இருந்தது. பார்க்க வழியில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து செல்வி என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

செல்வியின் காலை நான் ஒருமுறை போட்டோ எடுத்திருந்தேன். முந்தின வருடம் ஒரு வெள்ளிக் கடையிலிருந்து காலண்டர் ஆர்டர் வந்தது. கொலுசு போட்ட கால்கள் வேண்டும் என்றார்கள். செல்வியை அச்சகத்துக்கு வரச்சொல்லி, மருதாணி வைத்து, அச்சகத்தின் கேமராவில் எடுத்தேன். அந்தக் காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. ஆனால் பிரயோஜனம் இல்லை. அச்சுக்குப் போகுமுன் நானே தழும்பை அழித்து, தேதிக் கட்டம் பொருந்துவதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பியும் போட்டிருந்தேன். மூலப்படம் இருந்த ஹார்ட் டிஸ்க் சித்திரை வெயிலில் போய்விட்டது. போட்டால் டக், டக் என்று அடித்துவிட்டு நின்றுவிடும்.

அச்சக முதலாளியிடம் போய் அந்த டிஸ்க்கைக் கேட்டேன். "செத்த டிஸ்க்கு, தூக்கிட்டுப் போ" என்று மேசை இழுப்பறையைக் காட்டினார். "ரெண்டு நாளைக்கு மேல லீவு கேக்காத. ஒந்தங்கச்சிக்காக சீசன் நிக்காது."

விருதுநகரில் ராமர் அண்ணாச்சி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர்களின் கணக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் கையில்தான். டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இது இன்னும் சாகல தாயி. இழுத்துக்கிட்டுக் கெடக்கு. விண்டோஸ்ல மாட்டித் தட்டுனா இன்னைக்கே செத்துரும். மொதல்ல நகல் எடுக்கணும். நகல்லதான் தேடணும். இதத் தொடக்கூடாது."

விண்டோஸுக்குப் பதிலாகச் சிடியில் இருந்து லினக்ஸ் ஏற்றினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுசுக்கு அங்கே வேலை இல்லை. டிடிரெஸ்க்யூ என்று, கெட்ட டிஸ்க்கை நகல் எடுக்கிற ஒரு புரோகிராம். எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த ஃபைலுக்கு, குறிப்பு எங்கே எழுத வேண்டும் என்று ஒரே வரியில் அடிக்க வேண்டும். எது பழையது எது புதியது என்று மாற்றி அடித்தால் இருப்பதும் அழிந்துபோகும். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். என்டர் தட்டுமுன் மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போனது. மீட்டது எவ்வளவு, பிழை எவ்வளவு என்று இரண்டு எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. டிஸ்க் சூடானதும் மறுபடி டக், டக். நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்போம். கரண்ட் போகும். காத்திருப்போம். எந்த இடத்தில் விட்டோம் என்பது குறிப்பில் இருந்ததால் அதே இடத்திலிருந்து தொடரும். ஒரு பகல் முழுக்க இப்படியே போனது.

மறுநாள் காலை, நகலில் இருந்து படங்களைப் பொறுக்கும் புரோகிராமை ஓட்டினோம். படங்கள் வந்தன. பெயர்கள் வரவில்லை. வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். முருகன், லட்சுமி, ரோஜாப்பூ, பட்டாசுப் பெட்டி லேபிள், யார் வீட்டுக் குழந்தையோ. மதியத்துக்கு மேல் கால்கள் வந்தன. நான்கு படம். நான்கிலும் மேல்பாதியில் பாவாடைக் கரை தெரிந்தது. கீழ்ப்பாதி சாம்பல் நிறம். கணுக்காலுக்கு மேலேயே அறுந்துபோயிருந்தது.

"கெட்ட எடத்த மறுபடி மூணு தடவ வாசிக்கச் சொல்லலாம்" என்றார் அண்ணாச்சி. "வந்தா வரும். டிஸ்க்கு அதோட போயிரும்."

கண்ணை மூடிக்கொண்டேன். என்ன கேட்டேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். "ஆத்தா, செல்வி காலைக் காட்டு. அந்தத் தழும்பு வலது காலில் இருக்கும்படி காட்டு." பதிலையும் நானே சொல்லிக்கொடுத்துத்தான் கும்பிட்டேன்.

வரியின் கடைசியில் மூன்று என்று சேர்த்து என்டர் தட்டினேன். டிஸ்க் கத்தியது. பிழை எண் வெகுநேரம் அசையவில்லை. பிறகு கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். அப்புறம் டிஸ்க் ஒரேயடியாக நின்றுவிட்டது.

நகலில் இருந்து அந்தப் படங்களை மறுபடி எடுத்தோம். மூன்று அப்படியே சாம்பலாக இருந்தன. நான்காவது முழுசாகத் திறந்தது. இரண்டு கால்கள், மருதாணி, கொலுசு. பிறை மாதிரித் தழும்பு. இடது கால்.

அண்ணாச்சி சந்தோஷமாக, "கெடச்சிருச்சா தாயி?" என்றார். கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் கூலி வேண்டாம் என்றார். என் தங்கச்சி செத்துப் பத்து நாள் ஆகப்போகிறது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள். மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கத அழிச்சிரு."

"அம்மா, அது மகாலட்சுமிம்மா. சித்தி பிள்ள."

"எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும்."

கட்டிலில் கிடந்தவளைக் காட்டினேன்.

"அவ பொழச்சு வாயத் தொறந்தா என்னம்மா செய்வ?"

"தொறக்குத வரைக்கும் எனக்கு மக இருக்கால்ல" என்றாள் அம்மா. "நீ போய் வெளிய சொன்னன்னா, எனக்கு ரெண்டு மகளும் இல்லன்னு நெனச்சுக்கிடுவேன்."

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் நான் சொல்ல வெட்கப்படுகிற இடம். டாக்டர், "சொந்தக்காரங்க யாரும் பார்க்கணும்னா வந்து பார்த்துக்கட்டும்" என்று சொன்ன பிறகும் திறக்கவில்லை. பெற்றவள் முகம் பார்க்காமல் ஒரு பிள்ளை அங்கே செத்துப்போகலாம் என்று தெரிந்தேதான் இருந்தேன்.

இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். சந்தனமாரி சித்தி வாசலிலேயே என்னை நிறுத்தினார்கள். நெற்றியில் திருநீறும், கையில் ஒரு பொட்டலமும் இருந்தன.

"கோயிலுக்குப் போய்ட்டு வாரேன். இந்தத் திருநீற செல்விக்குப் பூசிவிடு. எம் மகதான் போயிட்டா. அவளாவது பொழைக்கட்டும். தெனமும் ஈரச்சேலையோட சுத்திவந்து ஆத்தாட்ட அதத்தான் கேக்கேன்."

பொட்டலத்தை வாங்க என் கை போகவில்லை. சொல்லிவிட்டேன். தழும்பு, டிஸ்க், படம், எல்லாம்.

சித்தி கத்தவில்லை. "ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?" என்று கேட்டார்கள்.

"ரெண்டு நாளு, சித்தி."

கன்னத்தில் அறைந்தார்கள். பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் நடந்தார்கள். மதுரை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை.

அங்கே அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. சித்தி அவளைத் தாண்டிக் கால்மாட்டுக்குப் போனார்கள். துணியை விலக்கி அந்த இடது காலை மட்டும் பார்த்தார்கள். "மகா" என்று ஒரே தடவை, மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

கால் விரல்கள் மடங்கின.

பதினோரு நாள் செல்வி, செல்வி என்று கூப்பிட்டும் அசையாத பிள்ளை. அன்று காலை மயக்க மருந்தைக் குறைத்திருந்தோம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அப்படியும் இருக்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்மா எழுந்து இடம் விட்டாள். சுவர் ஓரமாக நின்றுகொண்டு, "எம் மக எங்கன கெடக்கா?" என்று கேட்டாள்.

"எங்க புஞ்சை ஓரத்துல."

"குளிப்பாட்டுனீகளா?"

"குளிப்பாட்ட முடியலக்கா. மஞ்சத்தண்ணி தெளிச்சேன். புதுச்சேல போத்துனேன். எம் மகன்னு நெனச்சுத்தான் எல்லாம் செஞ்சேன்."

அம்மா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

மகாலட்சுமி பிழைத்துவிட்டாள். ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கை விரல்கள் நிமிராது. ஆனாலும் தன் கையால் சாப்பிடுகிறாள். அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். சோறு போட்டு வைப்பாள். தட்டை என் பக்கம் தள்ளமாட்டாள். அச்சகத்தில் லீவு அதிகம் எடுத்தேன் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது ராமர் அண்ணாச்சி கடையில்தான் வேலை. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் வரும், நாம் நினைக்கிறது வராது என்று.

முன்பெல்லாம் ஆத்தாவிடம் பேரம் பேசுவேன். இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்பேன். இப்போது அது இல்லை. இந்தச் சம்பவத்தில் கேட்டது நிறைவேறியது எனக்கு அல்ல. அடுத்தவள் பிள்ளை என்று நினைத்துக்கொண்டே அந்த உயிருக்காக ஈரச்சேலையோடு சுற்றிவந்தவர்களுக்குத்தான். அதற்கு ஆத்தா என் கையை எடுத்துக்கொண்டாள். செத்த டிஸ்க்கில் இருந்து ஒரே ஒரு படத்தைத் திறந்து கொடுத்தாள். என் தங்கச்சி யார் வீட்டுப் பெயரிலும் இல்லாமல் தன் பெயரிலேயே மண்ணுக்குள் இருக்கிறாள். அதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். அழுதுகொண்டேதான் சொல்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். அவளுக்குக் காது உண்டு. ஆனால் கேட்கும்போது, வருவதை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை. சித்தி கையால் விழுந்த ஒரு அறையோடு அதையும் கொடுத்தாள்.