காரின் துருவும் என் மனைவியின் மூன்று விரல்களும்

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில், நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில்தான் இது நடந்தது.

அப்போது ஒரகடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. நாலு வருடம் ஓடிவிட்டது. பங்குனியில் நிரந்தரம் ஆக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிவிட்டேன். வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

கம்பெனியில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இரும்பு கிரைண்டிங் ஷெட் ஒன்று இருந்தது. அங்கிருந்து பறக்கும் இரும்புத் தூள் காரின் மேல் உட்கார்ந்து, பனியில் நனைந்து, துருப்பிடித்து, பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டே மாதத்தில் கார் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள்.

என் மனைவி எனக்கு அத்தை மகள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். "இன்னா மாமா, உன் காருக்கு அம்மை போட்டுக்கீது?" என்று கிண்டல் செய்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷாம்பு போட்டேன், மண்ணெண்ணெய் தடவினேன், பல் விளக்கும் பேஸ்ட்டைக்கூட விடவில்லை. ஒரு புள்ளியும் அசையவில்லை.

வாலாஜாபாத் போகும் சாலையில் இருந்த ஒரு பாலிஷ் கடைக்காரரிடம் காட்டினேன். "இது தேச்சா போவாது சார். இரும்பக் கரைக்கிற ஸ்ப்ரே அடிச்சி, அப்பால களிமண் மாதிரி ஒரு கட்டி கீது, அத்த வச்சி மெதுவா இழுக்கணும். அரை நாள் வேலை" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாள் முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எனக்கே பாடமா என்று கிளம்பி வந்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் வெல்டிங் செய்த இடத்துக் கருப்பையும் துருவையும் எடுக்க ஒரு ஆசிட் உண்டு. பிக்ளிங் ஆசிட் என்போம். தடவிக் கழுவினால் ஸ்டீல் பளிச்சென்று ஆகிவிடும். முழங்கை வரை கையுறை, முகத்துக்குத் தடுப்பு, ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும் என்பது விதி. ஆடிட்டுக்கு ஆள் வந்தால் எல்லாவற்றையும் போடுவோம். மற்ற நாளில் கையுறை மட்டும்.

சனிக்கிழமை ஷிப்ட் முடியும் நேரத்தில் அதில் கொஞ்சத்தை என் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கையில் பிடித்திருக்கும் தண்ணீர் பாட்டிலை யாரும் பார்ப்பதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை டிபனை முடித்துவிட்டு, அந்த ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து பானெட்டில் தடவினேன். புள்ளிகள் கரைந்து போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நீ தடவிகினே போ மாமா, நான் பின்னால தொடைக்கிறேன். ஆமா, ஒரு மாதிரி நெடி அடிக்கிதே, இன்னா இது?"

"கார் ஷாம்புதான். கம்பெனில குடுத்தாங்க" என்றேன்.

என் கையில் கையுறை இருந்தது. அவள் வெறும் கையோடு துடைத்தாள். நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். தண்ணீர் கலந்ததுதானே, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டே துடைத்தோம். கார் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு எரிச்சல்கூட இல்லை. கையைக் கழுவிவிட்டு மீன் குழம்பு வைக்கப் போனாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவளால் சோற்றைப் பிசைய முடியவில்லை. "உன் காரைத் தேச்சித் தேச்சி விரல்லாம் வலிக்கிது" என்றாள். நானும் சிரித்தேன். மூன்று மணிக்கு அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். பல் பிடுங்கியபோதுகூட வாயைத் திறந்து அழாதவள் அவள். கையை வாங்கிப் பார்த்தேன். காயம் இல்லை, கொப்புளம் இல்லை. மூன்று விரல் நுனிகள் மட்டும் நகத்தைச் சுற்றி வெளுத்திருந்தன.

"உள்ள எலும்பப் போட்டு யாரோ கடிக்கிற மாதிரி கீது மாமா" என்று அலறினாள்.

காரில் ஏற்றிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் திறந்திருந்த ஒரு சின்ன கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையில என்ன பட்டுச்சு?" என்று கேட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தார். சமோசாவுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவர் சொன்னது எப்படியோ மண்டையில் தங்கியிருந்தது. இந்த ஆசிட் பட்டவுடன் எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி வரும், அதற்குள் எலும்பு வரைக்கும் இறங்கிவிடும் என்றிருந்தார். அதற்கென்றே ஒரு ஜெல்லை முதலுதவி அறையில் தனிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

"கார் ஷாம்பு சார்" என்றேன்.

அலர்ஜியாக இருக்கும் என்று வலிக்கு ஊசி போட்டார். மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கம்பெனிக்குப் போன் செய்தால் ஆசிட் எப்படி வெளியே போனது என்று கேட்பார்கள். திருட்டு என்று எழுதுவார்கள். இன்னும் ஒரே மாதத்தில் நிரந்தரம். ஊசி கேட்டுவிடும், வலி குறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணெதிரே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிடம் அப்படியே நின்றேன்.

உள்ளிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. மனிதக் குரல் மாதிரியே இல்லை. உள்ளே ஓடினேன்.

"சார், இப்பத்தான் ஞாபகம் வருது. அது ஷாம்பு இல்ல, பிக்ளிங் ஆசிட்" என்றேன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. அவள் கையைக் குழாயடியில் காட்டச் சொல்லிக்கொண்டே என்னைத் திட்டினார். "இதுக்குன்னு ஒரு ஜெல் இருக்கு, என்கிட்ட கிடையாது. உங்க கம்பெனில இருக்கும், முதல்ல அதை வாங்குங்க. அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது விரலோட நிக்காது, இதயத்தையே நிறுத்திடும்" என்றார்.

கம்பெனி முதலுதவி அறைக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. ஷிப்டுக்காக ஒரு நர்ஸ் அம்மா டியூட்டியில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உளறியதை முழுக்கக் கேட்டார். "பதறாதீய தம்பி. அந்தப் பிள்ளைய கூட்டிக்கிட்டு நேரா கேட்டுக்கு வாங்க. நான் அங்ஙன நிக்கேன்" என்றார்.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. மனைவி பக்கத்து சீட்டில், கிளினிக்கில் கொடுத்த தண்ணீர் வாளியை மடியில் வைத்து, அதற்குள் கையை விட்டுக்கொண்டு முனகினாள். ஒரு கட்டத்தில் முனகலும் நின்றது. இதயம் நின்றுவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "ரோட்டப் பாத்து ஓட்டு மாமா" என்றாள். அதைவிட இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

கேட்டில் கம்பெனி ஆம்புலன்ஸ் தயாராக இருந்தது. நர்ஸ் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு, என் மனைவியின் விரல்களில் அந்த ஜெல்லைத் தேய்த்தபடியே எங்களோடு ஏறிக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் தேய்ப்பதை ஒரு நொடி நிறுத்தவில்லை. இடையில் என்னைப் பார்த்து, "ஷிப்ட் இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன் தம்பி. இதை மறைக்க முடியாது" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். விரல்களில் கால்சியம் ஊசி போட்டார்கள். அந்த ஆசிட் உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடும், அது குறைந்தால் இதயத் துடிப்பு தப்பிவிடும் என்று டாக்டர் விளக்கினார். திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது கொஞ்சம் தடுமாறினாலும் எழுந்து நின்றுவிடுவேன். மறுநாள் மதியம்தான் இனி பயமில்லை என்றார்கள்.

மூன்று விரல்களும் பிழைத்துவிட்டன. நடுவிரல் நகம் மட்டும் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. கம்பெனியில் விசாரணை வைத்து என்னை அனுப்பிவிட்டார்கள். எனக்கு யார் மேலும் கோபமில்லை. இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லுவாள். வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னவன் என்று என்னைப் பற்றி அவளுக்குப் பெருமை. "நல்ல வேளை, அந்நேரத்துக்கு அவுருக்கு ஞாபகம் வந்துச்சி. இல்லன்னா என் கை இன்னா ஆயிருக்குமோ" என்பாள். அதைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

டாக்டர் முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரியும் என்பதை நேரில் சொல்லத் தைரியம் வராமல்தான் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அவள் என்ன சொல்வாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது; ஆனால் கிளினிக் வாசலில் அந்தப் பத்து நிமிடம் நின்ற ஆள் நான்தான் என்று நினைக்கும்போது வரும் பயம் அதைவிடப் பெரிது.