இன்ஸ்பெக்ஷன் அன்று

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நினைவு தப்பிக்கொண்டே போகிறது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவரும் நானும் மட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீடியோ காலில் வந்து, "அப்பாவப் பாத்துக்கோம்மா" என்பான். பின்னே, நான் இங்கே பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருக்கிறேன்?

வாசல் கிரில் கேட்டை எந்நேரமும் பூட்டியே வைத்திருக்கிறேன். சாவி என் தாலிச் சங்கிலியில் ஊக்கோடு கிடக்கிறது. ஒருமுறை நான் மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் அவர் இறங்கிப் போய், பக்கத்து அபார்ட்மென்ட் வாசலில் காவல் நின்றுவிட்டார். அங்கிருந்த வாட்ச்மேன், "நைனா எங்கியும் போவல, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து நானும் வெளியே போவதில்லை. காய்கறிகூடக் கயிறு கட்டிய கூடையில்தான் மேலே வருகிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்கிறார் டாக்டர். நான் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் இவரை யார் பார்ப்பது?

முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக்குப் பகலில் துணைக்கு ஆள் அனுப்பும் ஓர் அமைப்பு இருப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். "புதன்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றோம்மா" என்று போன் வந்தது. அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் கெடுத்தது.

பட்டாளக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தியவளுக்கு இன்ஸ்பெக்ஷன் என்றால் என்னவென்று தெரியும். பாத்திரம் பளபளக்க வேண்டும், படுக்கையில் சுருக்கம் இருக்கக் கூடாது, குறை என்று எதுவும் சொல்லக் கூடாது. கை தானாக வேலை செய்தது. ரப்பர் ஷீட்டைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். டயாப்பர் பாக்கெட் பரணுக்குப் போனது. அவரோ, அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டார். தானே ஷேவ் செய்துகொண்டார். டயாப்பர் போட்டால் பேன்ட் உப்பித் தெரியும், வேண்டாம் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

வந்தவள் சின்னப் பெண்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"ஆல் கரெக்ட், மேடம்."

"பாத்ரூமுக்கு நீங்களே போயிடுவீங்களா?"

"யெஸ், மேடம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எதாவது கஷ்டம் இருக்காம்மா?"

அவர் என்னையே பார்த்தார். நான் யாரென்று தெரிந்து பார்க்கிற பார்வை. அதைக் கண்டு மாதக்கணக்காகிறது. அந்த முகத்துக்கு முன்னால், இவர் படுக்கையை நனைக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அவர்மேல், அந்தப் பெண்மேல், என்மேல், எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது. "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கோம்" என்றேன்.

"வீட்ட எவ்ளோ நீட்டா வெச்சிருக்கீங்க! எங்ககிட்ட ஆள் கம்மிம்மா, ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் முதல்ல அனுப்பறோம்" என்று சொல்லி எழுந்தாள்.

அவளை அனுப்பிக் கேட்டைப் பூட்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பால்கனிக்கு ஓடினேன். கீழே ஸ்கூட்டி பக்கத்தில் நின்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வந்து என் பக்கத்தில் நின்று, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கைப்பிடிச் சுவருக்குக் கீழே அவர் பேன்ட் நனைந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அவள் நிமிர்ந்து பார்த்து, சிரித்தபடி கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.