மஸ்கட் என்றொரு வெள்ளைத் திராட்சை

மஸ்கட் என்றால் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் அல்வா மாதிரி தின்கிற இனிப்புப் பண்டம். எண்ணெய் மினுங்கும், கையில் ஒட்டும். வளைகுடாவுக்கு வந்த பிறகு அது ஓர் ஊர். மனாமாவின் குதைபியாப் பகுதியில் நான் தங்கிய அறையில் என்னோடு இருந்தவரின் தம்பி அங்கேதான் டிரைவர். அது ஒரு வெள்ளைத் திராட்சையின் பெயரும்தான் என்பதை மனாமா ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த என்னை மேசைக்குப் பரிமாறும் வேலையில் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதற்காகத் தவம் கிடந்தேன். சுடுதண்ணீரில் ஊறி ஊறி என் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பரிமாறுகிறவர்களுக்கு மேலாளான கேப்டன் மெட்ராஸ்காரர். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு.

ஆளுக்கொரு வைனைப் பற்றி விருந்தாளிகளிடம் பேசப் பழக வேண்டும். பெரிய பெயர்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, எனக்கு மிஞ்சியது மஸ்கட்.

"அது மட்டமான சரக்குப்பா. வெயில்ல வளர்றது. உனக்கு அது போதும்" என்றார் கேப்டன்.

வெயிலில் வளர்ந்தால் மட்டமா? குளிர்நாட்டுத் திராட்சைகள் சோர்ந்துபோகும் சூட்டில் இது இனிப்பேறிப் பழுக்கும். மிகப் பழைய இனம். மத்தியதரைக் கடலோரமெங்கும் காலங்காலமாக இருக்கிறது. பழமாகத் தின்னலாம், காயவைக்கலாம், வைனும் ஆக்கலாம். மற்ற வெள்ளை வைன்களில் எலுமிச்சை மணக்கும், புல் மணக்கும், ஈரக்கல் மணக்கும் என்பார்கள். இதுவோ வைனான பின்னும் திராட்சையாகவே மணக்கும். ஒளிக்கத் தெரியாத பழம். வைன் தெரிந்தவர்கள் சிலர் அதையே குறையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

"திராட்சை வாசம்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. ரோஜா, ஆரஞ்சுப் பூ, தேன். மனப்பாடம் பண்ணு."

"ஆரஞ்சுப் பூவை நான் கண்டதே இல்லை, அண்ணை."

"பார்த்தா என்ன, பார்க்கலேன்னா என்ன? சொல்லு!"

முதல் நாள் எனக்கு வாய்த்தது ஓர் ஆங்கிலேயத் தம்பதி. நான் ஊற்றிய மஸ்கட்டைக் காட்டி, இது எந்த ஊர் வைன் என்று கணவர் கேட்டார். பக்கத்திலிருக்கும் ஓமான் நாட்டு மஸ்கட்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. மணந்து பாருங்கள், நல்ல திராட்சை மணம் என்றேன்.

கேப்டன் என்னைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார். "ஓமான்ல யாருய்யா வைன் போடுறான்? மானத்தை வாங்கிட்டியே! அதுல திராட்சை வாசம் வேற! ரெண்டுக்கும் சாரி சொல்லிட்டு வா. இல்லேன்னா கலாஸ், முடிஞ்சுது, கிளாஸ் கழுவப் போ."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் படித்தவர்களுக்கே ஒற்றுமை இல்லை, ஓமான் துறைமுகத்தைச் சொல்கிறவர்களும் உண்டு என்று பல காலம் கழித்து அறிந்தேன். அன்று அது தெரியாது. மேசைக்குப் போய் ஊரைத் தவறாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார் அந்த மனிதர். திரும்பி வந்தேன்.

"ரெண்டாவது?" என்றார் கேப்டன்.

"ஊரைப் பிழையாச் சொன்னனான், அதுக்கு மன்னிப்புக் கேட்டிட்டன். மணத்துக்குக் கேக்க மாட்டன். மூக்கு என்ரை, அண்ணை."

அவர் கையை நீட்டினார். பரிமாறுகிறவர்கள் கட்டும் கறுப்பு போ-டையைக் கழுத்திலிருந்து கழற்றி அந்தக் கையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளாஸ் கழுவப் போனேன்.