பதுங்குகுழியில் நான் தழுவிய லிங்கம்

ஆனைமுகத்தானே, என் சொல்லுக்குத் துணை நிற்பாய்.

அன்று சனிப் பிரதோஷம். ஜெராம் ஊர்ச் செம்பனைத் தோட்டத்தில், ஜப்பானியர் போர்க்காலத்தில் வெட்டிய, குண்டுவீச்சில் பலர் மாண்ட பதுங்குகுழியைக் காண உள்ளே இறங்கினேன். மழை அரித்த மண்ணில் உருண்டு திரண்ட முனையொன்று தெரிந்தது. எனக்கென எழுந்த சுயம்புலிங்கம் என்று உருகி, திருநீறு பூசி, இரு கைகளாலும் தழுவிக்கொண்டேன்.

“ஐயா, அசையாதீங்க! அது சாமி இல்லலா, வெடிக்காத குண்டு!” என்று மேலிருந்து தோட்டக் கங்காணியான மண்டோர் அலறினார். “பட்டை வேற போட்டுட்டீங்களா! மெதுவா கைய எடுங்க.”

ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து, மூச்சடக்கிப் பின்வாங்கினேன்.

மறுநாள் காவல்துறையினர் அதை வெடிக்கச் செய்தபோது மண் பனையுயரம் எழுந்தது. அக்குழியில் மாண்டோருக்காக ஒரு சொல்லும் வேண்டிக்கொள்ளாமல், இறைவன் எனக்கு மட்டுமே தோன்றினான் என்று எண்ணிய என் செருக்கை அப்போதுதான் உணர்ந்தேன். அடுத்த பிரதோஷத்தில் அவர்களுக்காகவே அங்கு விளக்கேற்றினேன்.

இதைப் படிப்போர் யாவரும் அச்சமின்றி வாழ்க.